நடக்க வழி எங்கே?
பிள்ளைகளின் உடல் எடை கூடுவதற்குக் கைபேசியையும் நொறுக்குத் தீனியையும் மட்டுமே நான் படித்த ஒரு கட்டுரை காரணமாகச் சொல்கிறது; அவர்கள் வாழும் தெருவையும் கணக்கில் கொண்டிருக்க வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலுக்கு வேலை தர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் என் மகளின் பள்ளி வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர்தான். ஆனால் நடைபாதையை மின்மாற்றியும் நிறுத்திவைத்த பைக்குகளும் உடைந்த வடிகால் மூடியும் அடைத்திருப்பதால், மூன்று இடங்களில் பேருந்து ஓடும் சாலையில் இறங்கித்தான் அவள் நடக்க வேண்டும் என்று அஞ்சி, நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். 2019இல் தியாகராய நகர் கடைத்தெருவான பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்திய பின், மாலையில் அங்கே சிறுவர்கள் ஓடி விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். கடைத்தெருவுக்குச் செய்ததை (அதுவும் வேண்டியதுதான்) பள்ளிகளைச் சுற்றியுள்ள தெருக்களுக்கே முதலில் செய்திருக்க வேண்டும்.