வரப்போவது நாயா, மாப்பிள்ளையா?

சனிக்கிழமை வந்த அந்தப் பதிவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். காக்கர் ஸ்பேனியல் குட்டி, வீட்டுக்கு வந்து 9 நாள். அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்து, "எங்களுக்குச் செட் ஆகவில்லை, நல்ல வீடு இருந்தால் சொல்லுங்கள்" என்று போட்டிருந்தார்கள். காரணமும் உண்டு. சோபாவைக் கடிக்கிறதாம், ராத்திரி அழுகிறதாம், கண்ட இடத்தில் மூத்திரம் போகிறதாம். நாய்க்குட்டி நாய்க்குட்டியாக இருக்கிறது என்பதுதான் புகார்.

அதன் கீழே நான் எழுதியதைத்தான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து விளையாடினீர்கள். குட்டி வருவதற்கு முன்பே வீட்டைத் தயார் செய்திருக்க வேண்டும் என்று சொல்லி, எங்கள் வீட்டுக்கு வரப்போகிற குட்டிக்காக இப்போது நடக்கிற ஏற்பாடுகளையும் எழுதினேன். "வரப்போவது நாயா, மாப்பிள்ளையா?" என்று பதில் வந்தது. அதற்கு விழுந்த சிரிப்பு இமோஜி 211. ஆமாம், எண்ணினேன்.

சரி, சிரித்தாயிற்றா? குட்டியிடம் ஒரு குறையும் இல்லை. வீடு தயாராக இல்லை. அவ்வளவுதான் நான் சொன்னது, இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

குட்டியால் எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. எத்தனை மாதக் குட்டியோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம். 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம், அதுவே அதிகம். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நடுராத்திரியிலும் ஒருமுறை. யார் எழுந்திருப்பது? இந்தக் கேள்விக்கு வீட்டில் ஒரு ஆள் பெயர் இருக்க வேண்டும். "எல்லோருமா பார்த்துக்கலாம்" என்று சொல்கிற வீட்டில் யாரும் பார்க்கப்போவதில்லை.

கடிக்கிறது என்கிறீர்கள். அதன் வாயில் இருப்பது 28 பால் பற்கள். மூன்று நாலு மாதத்தில் விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் 42 பற்களாகும். அதுவரை ஈறு நமநம என்றிருக்கும், கடிக்காமல் என்ன செய்யும்? அதிலும் ஸ்பேனியல். புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடவும், சுட்டு விழுந்ததை வாயில் கவ்விக்கொண்டு வரவும் வளர்த்த இனம். காக்கர் என்ற பெயரே உட்காக் என்கிற பறவையால் வந்தது. உங்கள் வீட்டில் பறவை இல்லை, சாக்ஸ் இருக்கிறது. அது தன் வேலையைத்தான் பார்க்கிறது.

ராத்திரி அழுகையா? முந்தின நாள் வரை அம்மா மேலும் கூடப்பிறந்ததுகள் மேலும் குவியலாகக் கிடந்து தூங்கிய உயிர். முதல் சில நாள் படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, கையைத் தொங்கவிட்டால் போதும். சமையலறையில் தனியாகப் பூட்டிவிட்டு "அழுகிறது" என்றால் எப்படி?

"இதெல்லாம் காசு இருக்கிறவர்கள் செய்கிற அலப்பறை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நான் செய்த முதல் வேலைக்குக் காசே தேவையில்லை. முட்டிபோட்டு வீடு முழுக்கத் தவழ்ந்தேன். எனக்குப் பின்னால் என் மகனும் தவழ்ந்தான், அவனுக்கு அது விளையாட்டு. ஒரு அடி உயரத்திலிருந்து பார்த்தால் அது வேறு வீடு. டிவிக்குப் பின்னால் பல் உயரத்தில் தொங்கும் சார்ஜர் வயர், சோபாவுக்கு அடியில் ஒரு ஹேர்பின், இரண்டு பொத்தான், பீரோவின் கீழ்த்தட்டில் பாச்சை உருண்டை. என் கைப்பையோ தரையில், அதற்குள் சுயிங்கம். சர்க்கரை இல்லாத பல சுயிங்கங்களில் இனிப்புக்காகப் போடுகிற சைலிட்டால் கொஞ்சம் உள்ளே போனாலும் நாய்க்கு ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகாது என்று பலருக்கும் தெரியும். சுயிங்கத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

"எங்கள் காலத்தில் நாய் தானாக வளர்ந்தது" என்பவர்களுக்கு: வளர்ந்தது. வளராமல் போனதைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

மூக்கை மூத்திரத்தில் தேய்த்தால் கற்றுக்கொள்ளும் என்று ஒரு அறிவாளி ஆலோசனை சொன்னார். அது கற்றுக்கொள்வது ஒன்றுதான், உங்கள் கண்ணில் படாமல் போவது. அப்புறம் சோபாவுக்குப் பின்னால் நாற்றம் அடிக்கிறது என்று அதற்கும் ஒரு பதிவு போடுவீர்கள். அம்மோனியா கலந்ததை ஊற்றித் துடைக்காதீர்கள், அந்த வாடையே மூத்திர வாடை மாதிரி, திரும்பவும் அங்கேயே போகும். நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவம் தனியாகவே இருக்கிறது.

நான் ஏதோ படித்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைப்பவர்களுக்கு மினுவைப் பற்றிச் சொல்கிறேன். 13 வருடத்துக்கு முன் வந்த எங்கள் முதல் ஸ்பேனியல். நாங்களும் தயாராகத்தான் இருந்தோம், அதாவது சிவப்புக் கழுத்துப்பட்டையும் மெத்தையும் வாங்கியிருந்தோம். பெயர் வைப்பதற்கு ஒரு வாரம் சண்டை போட்டோம். அம்மா முட்டிவலிக்குப் போடும் இபுபுரூஃபென் கட்டிலோரத்து ஸ்டூலில் கிடந்ததை ஒருவரும் யோசிக்கவில்லை. மினுவுக்கு அப்போது 11 வாரம். நான் பார்த்தபோது அட்டை தரையில் கிடந்தது. அலுமினியத் தாளில் ஊசியால் குத்தியது போல வரிசையாகப் பல் தடம். மூன்று மாத்திரையைக் காணோம். வாந்தி எடுக்க வைத்தார்கள், வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் என்று மருந்து போட்டார்கள், இரண்டு நாள் டிரிப்ஸ். முன்னங்காலில் மயிரை வழித்த இடம் விரல் நகம் அளவுதான் இருக்கும்.

பிழைத்துக்கொண்டாள். 12 வயது வரை இருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் இரண்டு காதும் ஈரமாகி, தரையெல்லாம் கோலம் போடுவாள். குறுகின வாய் உள்ள கிண்ணம் வாங்க வேண்டும் என்பது தெரியவே ஒரு வருடம் ஆனது, அதற்குள் காதில் இரண்டு முறை சீழ். போன வருடம் போய்விட்டாள்.

உண்மையிலேயே முடியாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறல் வரும், வேலை மாறும். அவர்களைச் சொல்லவில்லை. சரி, இந்த வீட்டிலும் ஏதோ இருந்திருக்கலாம். இருந்தாலும் 9 நாளில் என்ன தெரிந்துவிடும்?

ஒன்று சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விடத்தான் நினைத்தேன். அந்த மாப்பிள்ளை ஜோக்கைப் போட்டவர் யாரோ எவரோ இல்லை. மினு டிரிப்ஸில் கிடந்தபோது ராத்திரி முழுக்க என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். மறந்திருக்கலாம். 13 வருடம் ஆகிறதே.

எங்கள் குட்டி வருகிற வெள்ளிக்கிழமை வருகிறது, அன்றைக்குச் சரியாக 8 வாரம். அம்மாவின் மாத்திரை டப்பா, மினு மாத்திரையைத் தின்ற அந்த நாளிலிருந்து பீரோவுக்கு மேலேதான். நேற்று அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, அங்கேதான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு இறங்கினாள். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

அந்தப் படத்தில் இருந்த குட்டிக்கு வீடு கிடைத்துவிட்டதா? தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.