வைன் குடித்துப் பேராசிரியர் ஆனவர் அல்ல

தம்பி, "அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒருவர் வைன் குடித்துக் குடித்தே பொருளியல் பேராசிரியர் ஆனார்" என்று மேலே எழுதியிருக்கிறீங்கள். அது பிழை.

நீங்கள் சொல்கிற ஓர்லி ஆஷென்பெல்டர் முதலில் தொழிலாளர் பொருளியலாளர், அதாவது வேலையையும் சம்பளத்தையும் ஆராய்கிறவர். தொழிற்பயிற்சியில் சேருகிற ஆட்களின் வருமானம் சேர்வதற்குச் சற்று முன்னரே விழுந்துவிடுவதை 1978 இல் காட்டினார். அந்தச் சரிவை இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். இரட்டையராய்ப் பிறந்தவர்களின் சம்பளத்தை ஒப்பிட்டு, கூடுதலாகப் படித்தால் எவ்வளவு கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று இன்னொரு பொருளியலாளரான அலன் குரூகரோடு ஆராய்ந்தார். 2021 இல் பொருளியல் நோபல் வாங்கிய டேவிட் கார்ட், அவரிடம் ஆய்வு செய்த மாணவர்.

வைன் ஆஷென்பெல்டருக்குப் பக்கத்து ஈடுபாடுதான். அதிலும் நாக்கை நம்பவில்லை. பிரான்சின் போர்தோ வைன் என்ன விலை போகும் என்பதை, முந்திய குளிர்கால மழை, கொடி வளரும் காலத்து வெப்பம், அறுவடை நேரத்து மழை, வைனின் வயது இவற்றை வைத்துக் கணித்தார். வைனைச் சுவைத்துப் புள்ளி போட்ட விமர்சகர் ரொபேர்ட் பார்க்கர் அவரைக் கடுமையாகச் சாடினதும் இதனால்தான்.

எங்கடை யாழ்ப்பாணத்து உரும்பிராயில் முந்திரிகைப் (திராட்சைப்) பந்தல் போட்ட ஆரையும் கேட்டுப் பாருங்கோ. பழுக்கிற நேரம் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும், இனிப்பும் இறங்கிவிடும். மாமாவின் பந்தலில் அப்படி வெடித்த குலைகளை நானே வாளியில் அள்ளியிருக்கிறேன். அந்த அறிவைத்தான் ஆஷென்பெல்டர் கணக்காக்கினார்.

படிக்கிற பிள்ளைகளும் இதை வாசிக்கினம். தயவுசெய்து திருத்திவிடுங்கோ.