ரிப்பன் வெட்ட ஆள் இருக்கு, அடைப்பு எடுக்க ஆள் இல்ல

2022 ஜனவரி 28. இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பத்திப் பேச அமெரிக்க அதிபர் பைடன் பிட்ஸ்பர்க் வர்ற நாள். அன்னிக்குக் காலைல அதே ஊர்ல ஃபெர்ன் ஹாலோ பாலம் பொத்துன்னு விழுது, மேல ஒரு பஸ்ஸும் சில காரும். சிலருக்கு அடி, ஆனா ஒரு உயிரும் போகல.

ஏன் விழுந்துச்சுன்னு படிச்சா தலைல அடிச்சுக்கலாம் போல இருக்கு. அந்தப் பாலத்து இரும்பு ஒரு தனி ரகம், மேல படியுற துருவே கவசமா நின்னு உள்ள இருக்கிறத காப்பாத்தும், ஆனா நனைஞ்சா காயணும். மழைத்தண்ணி போற வடிகால்ல குப்பை அடைச்சிருக்கு, தண்ணி வழிஞ்சு பாலத்தோட கால்லயே ஊறி ஊறி, கவசம் போய் இரும்புல ஓட்டையே விழுந்துடுச்சு. இன்ஸ்பெக்‌ஷன் பண்ணவங்க திரும்பத் திரும்ப எழுதிதான் குடுத்திருக்காங்க, கேட்க வேண்டியவங்க கேட்கல. புதுப் பாலத்துக்கு சுமார் ரெண்டரைக் கோடி டாலர். அதே டிசம்பர்ல திறந்தும் விட்டாங்க, அவசரம்னா மட்டும் எல்லாம் நடக்குது பாருங்க!

இந்தப் பழக்கம் பழசு. 1956-ல அமெரிக்க அதிபர் ஐசனோவர் காலத்துல 41,000 மைல் நெடுஞ்சாலைக்குத் திட்டம் போட்டப்ப, கட்டுற செலவுல 90 சதவீதம் மத்திய அரசு குடுத்துச்சு, பராமரிப்ப மாநிலங்க தலைல கட்டிட்டாங்க. அப்ப புது ரோடு போட்டா காசு மேல இருந்து வந்துச்சு, பழச ஒட்டுப் போட்டா சொந்தக் கைக்காசு, யாரு செய்வா? ரோட்டுச் செலவுக்குப் போற, பெட்ரோல் மேல இருக்கிற மத்திய வரியும் 1993-லேர்ந்து கேலனுக்கு 18.4 சென்ட், அப்படியே நிக்குது. வரிய ஏத்தலன்னு நடுத்தரக் குடும்பம் சந்தோஷப்படலாம், ஆனா குழில விழுந்த டயருக்கும் ட்ராஃபிக்ல எரியுற பெட்ரோலுக்கும் லேட்டா போனதுக்குப் பிடிக்கிற சம்பளத்துக்கும் அவங்கதான குடுக்குறாங்க, அதுக்கு ரசீது வர்றதில்ல அவ்ளோதான். பணக்காரன் வீட்ட மாத்திப்பான், இவன் எங்க போவான்?

ரோடு, பாலம் மாதிரி வேலைக்குப் பணம் ஒதுக்குற 2021 அமெரிக்கச் சட்டம் 1.2 ட்ரில்லியன் டாலர்னு வந்தப்ப நானும் கை தட்டினேன், இப்பவும் அது தேவைதான்னு சொல்வேன். கடன் கடன்னு கத்துறவங்களுக்கு ஒண்ணு, ரிப்பேர தள்ளிப் போடுறதும் கடன்தான், வட்டி இன்னும் ஜாஸ்தி. என் வருத்தம் வேற. பாலம் கட்டுற வேலை ரெண்டு மூணு வருஷத்துல முடிஞ்சு ஆளுங்க கலைஞ்சு போயிடுவாங்க, வடிகால் கழுவுறது, பெயின்ட் அடிக்கிறது, வெல்டிங் பாக்குறது இதெல்லாம் வருஷம் பூரா இருக்கிற வேலை, வெளிநாட்டுக்குத் தூக்கிக் குடுக்கவும் முடியாது, ஒரு குடும்பம் அத நம்பி வீட்டு லோன் கட்டலாம். அந்த மாதிரி வேலைக்கு ஆள் எடுத்தோம்னு எந்தக் கட்சியாவது போஸ்டர் அடிச்சுப் பாத்திருக்கீங்களா?