கழுத்து எலும்புத் தேய்வுக்கு வாழ்நாள் முழுக்கப் பட்டி வேண்டுமா?

இலங்கையின் வன்னிப் பகுதி வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. "கழுத்து எலும்பு தேய்ந்தால் கை கால் விழுந்துவிடும். வாழ்நாள் முழுக்கக் கழுத்துப் பட்டி போட வேண்டும், இல்லையென்றால் கழுத்தை முறித்து நெட்டி எடுக்க வேண்டும்" என்கிறது. இது தவறு.

வயது போகப் போக கழுத்து எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் வட்டுகள் வறண்டு மெலியும். 60 வயதைத் தாண்டிய பெரும்பாலானோரின் எக்ஸ்ரேயில் இந்தத் தேய்வு தெரியும், அவர்களில் பலருக்கு வலியே இராது. ஆக, எக்ஸ்ரேயில் 'தேய்வு' என்று எழுதியிருப்பதைக் கண்டு அம்மம்மாவைப் பயமுறுத்தாதீர்கள்.

பட்டியை மாதக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசைகள் பலவீனமாகும். முறித்து நெட்டி எடுப்பது இன்னும் ஆபத்து. அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. மென்மையான பயிற்சி, தாழ்வான ஒற்றைத் தலையணை, சூடான ஒத்தடம், தலைச்சுமையைக் குறைத்தல் இவைதான் பலருக்கும் போதும். விறகும் தண்ணீரும் தலையில் சுமந்தே பழகியவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஆனால் கை விறைத்துப் பலம் குறைந்தால், சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனால், நடை தள்ளாடினால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அவசரத்துக்கு 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் இருக்கிறது.

சந்தேகமென்றால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் காசில்லாமலே கேட்கலாம். பிரித்தானிய தேசிய சுகாதார சேவையின் இணையத்தளத்திலும் இந்த நோய் பற்றிய விளக்கம் உண்டு. அந்தக் குரல்பதிவு உங்களுக்கும் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.