பாட்டிலைத் தொலைத்த பிள்ளைக்குப் பொறுப்பு எப்படி வரும்?

தண்ணீர் பாட்டிலைத் தொலைத்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை ஒரு டீச்சர் கண்டிக்கும் வீடியோ சுற்றுகிறது. அதற்குக் கீழே "சபாஷ் டீச்சர், இப்பவே கண்டிச்சாத்தான் பொறுப்பு வரும்" என்று குவிகிற கமெண்ட்டுகளைப் பார்த்து வயிறு எரிகிறது. அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "நான் பொறுப்பில்லாதவன்" என்று சொல்லவைப்பது கண்டிப்பு இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அடியை மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதையும் தடுக்கிறது.

பொறுப்பு சொல்லி வராது. செய்துதான் வரும்.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே 1932-லேயே எழுதிவிட்டார். தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த பையனா, ஜாம் திருடப் போய் ஒன்றை உடைத்த பையனா, யார் செய்தது பெரிய தப்பு என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் பலர் 15 உடைத்தவனைத்தான் காட்டினார்கள். நோக்கத்தை எடைபோடுவது அந்த வயதில் எளிதில்லை. சேதமும் திட்டும்தான் முதலில் கண்ணில் படும். அதனால் திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை தொலைத்ததை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

வேறென்ன செய்வது என்கிறீர்களா? ஒரே ஒரு வேலை கொடுங்கள். பாட்டில் என்றால் பாட்டில் மட்டும். அதற்குப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் இடம். பள்ளி விட்டு வந்ததும், ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே, பையிலிருந்து எடுத்து அங்கே வைக்க வேண்டும். முதலில் நீங்கள் பேசாமல் மெதுவாகச் செய்து காட்டுங்கள், பிறகு சேர்ந்து, பிறகு தனியாக. மறந்தால் "பாட்டில் எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். தண்ணீர் சிந்தினால் துடைக்கிற துணியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பெரும்பாலும் கெடுவது இதற்குப் பிறகுதான். பிள்ளை துடைத்த இடத்தையே அதன் கண்ணெதிரில் நாம் மறுபடி துடைப்போம். நம் வேலை தேறாது என்று அதற்குப் புரிந்துவிடும். சாக்லேட் ஆசை காட்டினால் சாக்லேட் நிற்கிற அன்றே வேலையும் நிற்கும்.

"நாங்க அடி வாங்கித்தான் உருப்பட்டோம்" என்று வருவீர்கள். அடி வாங்கியும் உருப்படாதவர்கள் இங்கே வந்து கமெண்ட் போடுவதில்லை. "ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், நேரம் ஏது?" என்பது நியாயம்தான். காலையில் முடியாது, மாலையில் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்பட்டாலும் சரி. பல வீடுகளில் நான்கு வயதுப் பெண் பிள்ளை தட்டு எடுத்து வைக்கிறாள், பத்து வயது அண்ணன் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் கேட்கிறான். அவனை யாரும் பொறுப்பில்லாதவன் என்று சொல்வதில்லை. இன்று ராத்திரி அவன் தட்டை அவனே கழுவட்டும்.