அட்டையில் ஓவியர் பெயருக்கு இடமில்லையா?

நான் படம் வரைந்த சிறுவர் படக்கதை நூல் ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வெளியீடு கண்டதைப் பற்றிப் பலர் விசாரித்துவிட்டீர்கள். ஆமாம், அட்டையில் என் பெயர் இல்லை. உள்பக்கத்தில், அச்சக முகவரிக்கும் கீழே, பொடி எழுத்தில் இருக்கிறது. மேடையில் எழுத்தாளருக்கு மாலை, அச்சகத்தாருக்குப் பொன்னாடை. எனக்கு, "படம் போட்டுக் கொடுத்த தங்கச்சிக்கும் நன்றி."

"அதுதான் பணம் கொடுத்தாயிற்றே" என்கிறார்கள். எழுத்தாளருக்கும்தான் கொடுத்தார்கள். அவர் பெயரை யாரும் அட்டையிலிருந்து எடுக்கவில்லையே?

படக்கதை நூலில் ஓவியரும் கதை சொல்கிறவர்தான். "பாட்டி விடியுமுன் பால் வெட்டப் போனாள்" என்று ஒரே வரிதான் என் கைக்கு வந்தது. பால் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது. நெற்றி விளக்கு, வாளி, பால் வடியும் கிண்ணமான மங்கு எல்லாவற்றையும் நான்தான் தேடிச் சேர்த்தேன். ரப்பர் மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் வலப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து மேலே ஓடுகின்றன, அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். வெயில் ஏறினால் பால் குறையும், ஆகவே வானம் இருட்டாகவே இருக்க வேண்டும். கோலசிலாங்கூர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய என் அத்தை, சாப்பாட்டு மேசையில் மைலோ டின்னை நிறுத்தி, கரண்டிக் காம்பால் அந்தச் சாய்வை இழுத்துக் காட்டினார். எழுத்தில் இல்லாத அந்தப் பாட்டியைக் குழந்தைகள் படத்தில்தான் பார்க்கிறார்கள்.

கணினியே நொடியில் வரைந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

"தமிழ்ப் புத்தகம் விற்பதே பெரும்பாடு, இதில் பெயருக்குச் சண்டையா?" என்பது நியாயமான கேள்வி. பதிப்பாளரின் கைநட்டம் எனக்கும் தெரியும். அதனால்தான் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டேன். பெயர் போட ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) அதிகம் ஆகாது. சிறுவர் இலக்கியத்துக்கான உலக விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 1966 முதல் ஓவியர்களுக்கும் தனியாகக் கொடுக்கிறார்கள். 2020இல் உலகப் புத்தகத் தலைநகராக இருந்த கோலாலம்பூரில் நான் இன்னும் 'படம் போட்ட தங்கச்சி'.

எனக்குப் புகழாசை என்கிறீர்களா? அப்படியே இருக்கட்டும். புத்தகத்தைக் கையில் வாங்கிய அத்தை அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் பெயர் எங்கேயம்மா?" என்று கேட்டார். உள்ளே இருக்கிறது என்று காட்டினேன். கண்ணாடி போட்டும் அவரால் படிக்க முடியவில்லை.

இரண்டாம் பதிப்பில் பெயரை அட்டைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த நூலின் ஒப்பந்தத்தில் இதை எழுதித் தரும்வரை நான் பென்சிலைத் தொடப்போவதில்லை.