அந்த வயரைக் கழற்றினால் லைசென்ஸ் வேண்டும்

ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டரைப் போலீஸ் பிடிக்கிற வீடியோ நேற்றிலிருந்து சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். "250 வாட் வண்டிக்கு லைசென்ஸே வேண்டாம், எப்படிப் பிடிக்கலாம்?" என்று கீழே ஆளாளுக்குச் சண்டை. வண்டி 45 கி.மீ. வேகத்தில் போவது மீட்டரிலேயே தெரிகிறது. அதை ஒருத்தரும் பேசவில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் இப்படி ஒரு சலுகை இருப்பது உண்மைதான். மோட்டாரின் 30 நிமிட பவர் (அரை மணி நேரம் விடாமல் தரக்கூடிய பவர்) 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கி.மீ.க்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், சரியான பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். இதோடு புனே ஏஆர்ஏஐ, ஒரகடம் ஜிஏஆர்சி மாதிரி ஒரு வாகனச் சோதனை மையத்தின் சான்றும் வேண்டும். எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் இல்லை. ஒன்று குறைந்தாலும் மோட்டார் வாகனம்தான்; லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். மோட்டார் மேல் ஒட்டிய 250 வாட் ஸ்டிக்கர் மட்டும் போதாது.

மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர். பல வண்டிகளில் அதில் வேகத்தைக் கட்டி வைக்க ஒரு சின்ன வயர் இருக்கும். அந்த வயரைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். சில இடங்களில் 48 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டு 60 வோல்ட் போடுகிறார்கள். வோல்டேஜ் ஏறினால் மோட்டார் சுற்றும் வேகமும் அதே கணக்கில் ஏறும். பிரேக் மட்டும் 25-க்குப் போட்ட அதே டிரம் பிரேக். 45-ல் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க மூன்று மடங்குக்கு மேல் தூரம் வேண்டும்.

"25-ல் போனால் பின்னாடி பஸ் ஹார்ன் அடித்தே ஓரங்கட்டுகிறதே?" நியாயமான கேள்வி. வேகம் வேண்டுமென்றால் பச்சை நம்பர் பிளேட்டோடு பதிவு செய்த வண்டியை வாங்குங்கள். "ஏழைப் பையன் டெலிவரிக்கு எங்கே போவான்?" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பையன் யார் மேலாவது மோதினால் இன்சூரன்ஸ் கிடையாது. நஷ்ட ஈடு முழுக்க அவன் தலையில்தான் விழும். வயரைக் கழற்றிக் கொடுத்தவர் அன்றைக்கு வந்து நிற்பாரா?

இதில் மனசு கொதிப்பது பிள்ளைகளை நினைத்துத்தான். ஸ்கூலுக்குப் போகிற 14 வயதுப் பிள்ளைக்கு இந்த வண்டியைத்தான் வாங்கித் தருகிறார்கள். வயரைக் கழற்றிய பிறகு அது மோட்டார் வாகனம். பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கடையில் இதை யார் சொல்கிறார்கள்? "ஸ்பீடு ஏற்றித் தரவா சார்?" என்று மட்டும் கேட்கிறார்கள்.

வண்டி வைத்திருப்பவர்கள் காலியான ரோட்டில் ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகி, போன் ஜிபிஎஸ்ஸில் வேகம் பாருங்கள். 25-ஐத் தாண்டினால் வாங்கிய கடைக்கே போய் அந்த வயரைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். சான்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.